கிணற்றில் ஒரு எண், மேப்பில் வேறொரு எண்: புரைமை மேப்பை லாக்கோடு பொருத்துவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஒரு மணற்கல் ஜோனுக்கு, அதாவது ஒரு பாறை அடுக்குக்கு, நில அதிர்வுத் தரவிலிருந்து வந்த புரைமை மேப் (போராசிட்டி மேப், பாறையில் துளைவெளி எவ்வளவு பங்கு என்று காட்டுவது) கையில் இருக்கிறது. அதே ஜோனைத் துளைத்த பத்துப் பன்னிரண்டு கிணறுகளின் லாக்கும், அதாவது கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவுப் பதிவும், இருக்கிறது. மேப்பை மாடலுக்குள், அதாவது நிலத்தடிப் பாறையின் கணினி மாதிரிக்குள் ஏற்றி, கிணறு இருக்கும் இடத்தில் படித்தால் லாக் சராசரியோடு ஒத்துவரவில்லை. ஒரு கிணற்றில் மேப் 0.21 என்கிறது, லாக் 0.178 என்கிறது. மென்பொருளில் என்ன செய்தால் இரண்டும் ஒன்றாகும்?

அதற்கென்று ஒரு பட்டன் இருக்கத்தான் செய்கிறது. பெட்ரல் என்ற நிலத்தடி மாடல் மென்பொருளில் சர்ஃபேஸ் (மேப்பின் பரப்பு) உருவாக்கும் இடத்திலேயே ‘வெல் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று இருக்கும். மற்ற மென்பொருள்களிலும் வேறு வேறு பெயரில் இதே வசதி உண்டு. அழுத்திய மறுகணம் எல்லாக் கிணற்றிலும் வித்தியாசம் பூஜ்யம் ஆகிவிடும். எனக்கு அந்தப் பட்டன் மேல் உள்ள புகாரும் அதுதான். நடுவில் இருக்கும் 0.032 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அதை மேப்புக்குள் கரைத்துவிடுகிறீர்கள். இப்படி வரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி பல நேரம் மேப்பின் பிழையே அல்ல. இரண்டு எண்ணும் இரண்டு வேறு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுவதை மட்டும்தான் ‘பொருத்த’ வேண்டும்.

முதலில் அந்த 0.178 எப்படி வந்தது என்று பாருங்கள். ஜோன் 20 மீட்டர் தடிமன், அதில் 14 மீட்டர் மணல், மணலின் புரைமை 0.22, மீதி 6 மீட்டர் களிக்கல், அதில் லாக் காட்டுவது 0.08 என்று வைத்துக்கொள்வோம். ஜோன் முழுக்கச் சராசரி எடுத்தால் 3.56-ஐ 20-ஆல் வகுத்து 0.178 வரும். மணலுக்கு மட்டும் எடுத்தால் 0.22. மேப் சொல்லும் 0.21 மணலைப் பற்றியது என்றால் உண்மையான வித்தியாசம் 0.01 தான். இது தெரியாமல் மேப்பை 0.178-க்கு இழுத்துவிட்டு, அப்புறம் கொள்ளளவுக் கணக்கில் நெட்-டு-கிராஸ், அதாவது மொத்தத் தடிமனில் மணலின் பங்கான 0.70-ஐயும் பெருக்கினால், களிக்கல்லுக்காக இரண்டு தடவை கழித்துவிட்டீர்கள். 0.154 வர வேண்டிய இடத்தில் 0.125 வரும். எண்ணெய்க் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று, எந்தக் கிணறும் பொய் சொல்லாமலே.

ஆகவே மேப் போட்டவரிடம் கேட்க வேண்டியவை: இது கிராஸ் (ஜோன் முழுக்க) சராசரியா, நெட் (மணல் மட்டும்) சராசரியா? மொத்தப் புரைமையா, களிமண்ணில் கட்டுண்ட நீரைக் கழித்த பயனுறு புரைமையா? நெட் என்றால் கட்-ஆஃப் (எதற்கு மேல் மணல் என்று எடுக்கும் எல்லை) எவ்வளவு? பதில் கிடைக்கவில்லை என்றால், லாக்கிலிருந்து இந்தச் சராசரிகள் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றையும் மேப்போடு குறுக்கு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். எதோடு புள்ளிகள் இறுக்கமாக ஒட்டுகின்றனவோ, மேப் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது.

அடுத்தது சாய்வுக் கிணறுகள். இங்கேதான் கேள்வி கேட்பவர்கள் அதிகம் விழுகிறார்கள், இரண்டு விதமாக. ஒன்று, எந்த இடத்தில் மேப்பைப் படிக்கிறீர்கள் என்பது. கடலில் ஒரே மேடையிலிருந்து தோண்டிய கிணறுகளின் தலைப்பகுதி எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். ஆனால் ஜோனைத் தொடும் இடம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். கிணற்றுத் தலையின் ஆயத்தொலைவில் மேப்பைப் படித்துவிட்டு ‘பொருந்தவில்லை’ என்றால் மேப் என்ன செய்யும்? ஜோனுக்குள் கிணறு போகும் பாதையின் நடுப்புள்ளியில் படிக்க வேண்டும். 60 பாகை சாய்வில் போகும் கிணறு 40 மீட்டர் தடிமன் ஜோனைக் கடப்பதற்குள் பக்கவாட்டில் 69 மீட்டர் நகர்ந்துவிடும். மாடலின் கட்டம், அதாவது செல், 50 மீட்டர் என்றால் மேல்முனை ஒரு செல் நிரலில், கீழ்முனை இன்னொன்றில். அப்படிப்பட்ட கிணற்றுக்கு ‘மேப்பின் மதிப்பு’ என்று ஒற்றை எண்ணே கிடையாது.

இன்னொன்று, சராசரியின் எடை. லாக் மாதிரிகள் கிணற்றின் நீளவாட்டில் சம இடைவெளியில், வழக்கமாக 0.1524 மீட்டருக்கு ஒன்று, அதாவது அரை அடிக்கு ஒன்று என்று வரும். ஜோனின் மேல்பாதியில் நேராகவும் கீழ்பாதியில் 60 பாகையிலும் கிணறு போனால், அடுக்குகள் கிடையாக இருக்கும் இடத்தில் கீழ்பாதிக்கு இரண்டு மடங்கு மாதிரிகள் கிடைக்கும். நேரடியாகச் சராசரி எடுத்தால் கீழ்பாதி இரண்டு வாக்குப் போடுகிறது. அளந்த ஆழத்தை விட்டுவிட்டு, உண்மையான செங்குத்துத் தடிமனை எடையாக வைத்துச் சராசரி எடுங்கள். கிடைமட்டக் கிணறுகளை நான் இந்த வேலையிலிருந்து வெளியே வைத்துவிடுவேன். அவை நல்ல மணலைத் தேடித் தேடிப் போனவை. நூற்றுக்கணக்கான மீட்டர் நல்ல பாறையை மட்டும் அளந்துவிட்டு வந்து ‘ஜோன் சராசரி’ என்று சொன்னால் மேப் முழுக்க மேலே தூக்கிக்கொண்டு போகும்.

இதைவிட அமைதியாகக் கெடுக்கும் ஒன்று உண்டு: டாப்ஸ், அதாவது கிணற்றில் ஜோன் தொடங்கும் ஆழக் குறிகள். மாடலின் மேல் சர்ஃபேஸ், கிணற்றில் குறித்த டாப்புக்கு 3 மீட்டர் மேலே ஓடுகிறது என்று வையுங்கள். செல் ஒரு மீட்டர் தடிமன் என்றால், முதல் மூன்று செல்லும் மேலே இருக்கும் களிக்கல்லை எடுத்துக்கொண்டு ‘நான் மணல் ஜோன்’ என்று உட்கார்ந்திருக்கும். அப்ஸ்கேல் ஆன, அதாவது லாக்கைச் செல் அளவுக்குச் சுருக்கிய, சராசரி இறங்கும், லாக் சராசரி சரியாகவே இருக்கும், நீங்கள் மேப்பைச் சந்தேகப்படுவீர்கள். கிணற்றுக் குறுக்குவெட்டுச் சாளரத்தில் ஜோன் லாக்கையும், அப்ஸ்கேல் ஆன செல்களையும், மூல லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கிணறாக ஓட்டிப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக்கொண்டு போக வழியில்லை. சர்ஃபேஸ்கள் டாப்ஸோடு துல்லியமாக ஒட்டாத வரை பண்பு மேப்பைத் தொடவே தொடாதீர்கள். அமைப்பு மேப் கிணற்றில் மிகச் சரியாக ஒட்ட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. பண்பு மேப் விஷயம் அப்படி அல்ல. ஏன் என்று கீழே வருகிறேன்.

சில்லறைக் காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேப் சதவீதத்தில், லாக் பின்னத்தில் இருக்கலாம். லாக் தரவு வரும் லாஸ் (LAS) கோப்பில் ‘மதிப்பு இல்லை’ என்பதற்கு வழக்கமாகப் போடும் -999.25, எங்கோ எக்ஸெலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது உண்மை எண்ணாக மாறியிருக்கலாம். சராசரி அபத்தமாக எதிர்மறையில் வந்தால் இதுதான். மேப்பும் கிணறுகளும் வேறு வேறு ஆயத்தொலைவு முறையில் இருந்தால் எல்லாமே ஒரே திசையில் சில நூறு மீட்டர் நகர்ந்திருக்கும். ஒரே செல்லில் இரண்டு கிணறுகள் விழுந்தால் அங்கே இருவருக்கும் நடுவான எண்தான் வரும், யாருக்கும் பொருந்தாது. மேப்பை கிரிட் செய்த பிறகு அழகுக்காக ஒருமுறை மென்மையாக்கினால் கிணற்றோடு இருந்த ஒட்டு அங்கேயே விட்டுப்போகும். மென்மையாக்குவதை முன்னால் செய்யுங்கள், ஒட்டுவதைக் கடைசியில்.

புரைமையைத் தவிர வேறு பண்பு என்றால் சராசரி எடுக்கும் விதமே மாறும். நீர்ச்செறிவை வெறும் தடிமன் எடையில் சராசரி எடுக்கக் கூடாது, துளைவெளியை எடையாக வைக்க வேண்டும். சம தடிமனில் இரண்டு அடுக்கு. ஒன்றில் புரைமை 0.25, நீர்ச்செறிவு 0.20. மற்றதில் 0.05, 0.90. வெறும் சராசரி 0.55, துளைவெளி எடையில் 0.32. பாதிக்கு மேல் நீர் என்று எழுதி மூட வேண்டிய ஜோனும் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் உள்ள ஜோனும் ஒரே ஜோன்தான், கணக்கு மட்டும் வேறு. ஊடுருவுதிறன், அதாவது பாறை திரவத்தை எவ்வளவு எளிதில் பாயவிடுகிறது என்பது, இன்னும் மோசம். 1 மில்லிடார்சியும் 1000 மில்லிடார்சியும் சேர்ந்தால் கூட்டுச் சராசரி 500.5, பெருக்குச் சராசரி சுமார் 31.6, இசைச் சராசரி 2. அடுக்குக்கு இணையாகப் பாய்வதற்கு முதலாவது, குறுக்காகப் பாய்வதற்குக் கடைசி. மேப் இதில் எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் ஊடுருவுதிறன் மேப்பைக் கிணற்றோடு பொருத்துவது வீண் வேலை.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் வித்தியாசம் இருக்கிறது. இப்போது எல்லாக் கிணற்றுக்கும் எச்சத்தை, அதாவது கிணற்று மதிப்பிலிருந்து மேப் மதிப்பைக் கழித்தால் வருவதை, ஒரு அட்டவணையாக எடுத்து அதன் குணத்தைப் பாருங்கள்.

எல்லாம் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், உதாரணமாக எங்கும் +0.03 என்றால், அது கிணற்றருகே சரிசெய்யும் விஷயம் அல்ல. ஒலித்தடையிலிருந்து (பாறையின் அடர்த்தியையும் அதில் ஒலியின் வேகத்தையும் பெருக்கியது) புரைமைக்கு மாற்றிய சமன்பாடே தள்ளி நிற்கிறது. மேப் முழுவதையும் மாற்ற வேண்டும், முடிந்தால் மூலச் சமன்பாட்டுக்கே போக வேண்டும். எச்சம் ஆழத்தோடு எதிர்மறைப் பக்கம் கூடிக்கொண்டே போனால், இறுக்கத்தால் புரைமை குறைவதை மேப் கணக்கில் எடுக்கவில்லை. பழைய கிணறுகள் ஒரு பக்கமும் புதியவை மறுபக்கமுமாகப் பிரிந்தால் லாக் கருவிகளையோ விளக்கம் எழுதியவரையோ பாருங்கள்.

ஒரே ஒரு கிணறு மட்டும் தனியாக நின்றால் அந்தக் கிணற்றின் லாக்கைத் திறந்து பாருங்கள். காலிப்பர், அதாவது துளையின் விட்ட அளவு, வீங்கியிருக்கிறதா? துளைச் சுவர் இடிந்த இடத்தில் அடர்த்திக் கருவி பாறையோடு சேற்றையும் அளக்கும், புரைமை அதிகமாக வரும். பாறை அடர்த்திக்கு எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள்? லாக் அடர்த்தி 2.35, திரவம் 1.0 என்றால், மணற்கல்லின் 2.65-ஐப் போட்டால் புரைமை 0.18. சுண்ணக்கல்லின் 2.71-ஐப் போட்டால் 0.21. ஒரு எண்ணை மாற்றினாலே 0.03 நகர்ந்துவிட்டது. கிணறுதான் எப்போதும் உண்மை என்று பலரும் ஒரு நம்பிக்கையில் இருக்கிறார்கள். லாக்கும் ஒரு விளக்கம்தான். உள்ளகப் பாறை மாதிரி எடுத்த கிணறு பக்கத்தில் இருந்தால் முதலில் லாக்கை அதோடு ஒப்பிடுங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், சிறிதாக, மேலும் கீழுமாகச் சிதறி இருந்தால் நல்லது. அது பெரும்பாலும் அளவுத் தகராறு. லாக் பார்ப்பது கிணற்றைச் சுற்றி ஒரு முழத்துக்கும் குறைவான பாறை. நில அதிர்வு பார்ப்பது வேறு உலகம். பாறையில் வேகம் விநாடிக்கு 3000 மீட்டர், அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்பங்கு, 25 மீட்டர், வரைதான் மேலையும் கீழையும் பிரித்துப் பார்க்க முடியும். மேலே வைத்துக்கொண்ட 20 மீட்டர் ஜோன் அதற்கும் கீழே. மேப்பில் உள்ள எண்ணில் மேலே கீழே உள்ள களிக்கல்லின் கையும் கலந்திருக்கிறது. ஆகவே சின்ன எச்சம் இருப்பது இயல்பு. குறுக்கு வரைபடத்தில் கிணறுகள் 0.12 முதல் 0.26 வரை விரிந்திருக்க, மேப் 0.15 முதல் 0.23 வரைக்குள் அடங்கியிருந்தால் அதுவும் பிழை இல்லை. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே 1951-இல் கையாண்டதும் இதுதான்: சிறு மாதிரிகளை வைத்துப் பெரிய தொகுதியைக் கணித்தால் வளமான இடம் இன்னும் வளமாகவும் வறண்ட இடம் இன்னும் வறண்டும் தெரியும். பின்னால் ஜார்ஜ் மாத்தெரான் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார், அளந்த இடங்களிலிருந்து அளக்காத இடத்தைக் கணிக்கும் அந்த முறைக்குக் கிரிகிங் என்ற பெயரும் நிலைத்தது. நாம் இன்றைக்குப் பட்டனாக அழுத்துவதற்குப் பின்னால் இருப்பது அந்தத் தகராறுதான்.

மேப்பைத் திருத்தத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். எச்சங்களை மட்டும் தனி மேப்பாக இடைக்கணிப்புச் செய்து, அதை மூல மேப்போடு கூட்டுங்கள். நான் இதற்குச் சராசரி பூஜ்யம் என்று வைத்த எளிய கிரிகிங்கையே விரும்புவேன். கிணற்றிலிருந்து விலக விலக எச்சம் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பும், மூல மேப் தன் வடிவத்தில் இருக்கும். நீட்சி, அதாவது திருத்தம் பரவும் ஆரம், எவ்வளவு என்பதை எச்சங்களின் வேரியோகிராமிலிருந்து (தூரம் கூடக் கூட வித்தியாசம் எப்படிக் கூடுகிறது என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். கிணறுகள் குறைவு என்றால், அந்தப் படிவச் சூழலில் மணல் உடல்கள் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்ற புவியியல் அறிவிலிருந்து எடுங்கள். இந்த ஆரத்தை 200 மீட்டர் என்று வைத்தால் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வட்ட வட்டமாகப் புள்ளிக் கோலம் விழும். பார்த்த உடனே தெரிந்துவிடும், இயற்கை எந்தக் கிணற்றையும் நடுவில் வைத்து மணலைப் படியவைப்பதில்லை. கிணறுகளின் இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிதாக வைத்தால் ஒரு கிணற்றின் பிழை வயல் முழுக்கப் பரவும். கன்வெர்ஜென்ட் அல்லது குறைந்தபட்ச வளைவு வகை கிரிடிங்கை எச்சத்துக்குப் போட்டால், கிணறுகள் இல்லாத ஓரங்களில் சரிவை அப்படியே நீட்டிக்கொண்டு போய் எச்சமே ஒரு மலையாக நிற்கும். அங்கே தான் புரைமை 0.45 போன்ற எண்கள் பிறக்கின்றன.

தடிமன், நெட்-டு-கிராஸ் மாதிரியானவற்றுக்குக் கூட்டல் திருத்தம் சரிப்படாது. மணல் இல்லாத இடத்தில் +0.05 கூட்டினால் இல்லாத மணல் முளைக்கும், கழித்தால் எதிர்மறை. அங்கே விகிதத்தை இடைக்கணிப்புச் செய்து பெருக்குங்கள், பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

ஆனால் உங்கள் இலக்கு முப்பரிமாண மாடல் என்றால், மேப்பைக் கிணற்றோடு ஒட்டவைக்கவே தேவையில்லாமல் போகலாம். மேப்பைப் போக்காக (ட்ரெண்டாக) கொடுங்கள், கிணற்றை மாடலே மதித்துக்கொள்ளும். கிணறு போகும் செல்களில் அப்ஸ்கேல் ஆன மதிப்பு பூட்டியே இருக்கும். கோலொகேட்டட் கோகிரிகிங் (அதே இடத்து மேப் மதிப்பைத் துணையாக வைத்த கிரிகிங்) என்றால் மேப்பின் அளவுகோல்கூட முக்கியம் இல்லை, கிணற்றோடு அதற்குள்ள உறவின் வலிமை, அதாவது ஒட்டுறவுக் கெழுதான் முக்கியம். கெழு 0.5 என்று கொடுத்தால் மேப் ஒரு யோசனை மட்டும் சொல்லும், 0.9 என்றால் உத்தரவு போடும். வெளிப்போக்கோடு கூடிய கிரிகிங்கில் மேப்பின் வடிவம் இன்னும் கறாராக மாடலில் இறங்கும். மேப் மேல் நல்ல நம்பிக்கை இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

அந்தக் கெழுவை எண்ணாகக் கொடுக்கும்போது ஜாக்கிரதை. ஐந்து கிணறுகளை வைத்துக் கெழு 0.8 வந்தால் கொண்டாட ஒன்றும் இல்லை. ஐந்து புள்ளிகளுக்கு 5 சதவீத மட்டத்தில் 0.878-ஐத் தாண்டினால்தான் அது தற்செயல் இல்லை என்று சொல்லலாம். பத்துக் கிணறுகளுக்கு அந்த எல்லை 0.632. இன்னும் ஒன்று, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்து நில அதிர்வுப் பண்புகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து ‘இது நன்றாக ஒட்டுகிறது’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், எதுவுமே புரைமையோடு சம்பந்தம் இல்லாதபோதும் ஒன்றாவது அந்தச் சோதனையைத் தாண்டும் வாய்ப்பு 40 சதவீதம். பாறை இயற்பியலில் காரணம் சொல்ல முடியாத பண்பை மேப்பாக எடுக்காதீர்கள், எவ்வளவு அழகாக ஒட்டினாலும்.

மாடல் ஓடிய பிறகு அதிலிருந்து சராசரி மேப் எடுத்து உள்ளே கொடுத்த மேப்போடு ஒப்பிட்டு, ‘மறுபடியும் பொருந்தவில்லை’ என்று திரும்பி வருபவர்கள் உண்டு. ஒரு தோற்றத்தை, அதாவது மாடலின் ஒரு ஓட்டத்தை, மட்டும் பார்த்தால் பொருந்தாது, அது சீரற்ற உருவகம். இருபது முப்பது தோற்றங்களை ஓட்டி அவற்றின் சராசரியைப் பாருங்கள், மேப்பின் வடிவம் அப்போது மேலே வரும். சராசரி எடுக்கும்போது செல்லின் தடிமனையும், நெட் வேண்டும் என்றால் நெட்டையும் எடையாக வையுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன 0.178 கதை மாடலுக்குள் மறுபடி நடக்கும். கூடவே மூல லாக், அப்ஸ்கேல் ஆன லாக், மாடல் ஆகிய மூன்றின் பரவல் வரைபடத்தையும் ஒரே சாளரத்தில் போடுங்கள். மூல லாக்குக்கும் அப்ஸ்கேலுக்கும் நடுவில் சராசரி நகர்ந்தால் கோளாறு அப்ஸ்கேலிங்கில். அப்ஸ்கேலுக்கும் மாடலுக்கும் நடுவில் நகர்ந்தால், ஒன்று கிணறுகள் நல்ல இடத்தில் மட்டும் கூட்டமாக இருப்பதை மேப் சரிசெய்திருக்கிறது, அது நல்லது. அல்லது போக்கை மாற்றிக் கொடுத்தபோது ஏதோ தவறியிருக்கிறது.

திருத்திய மேப் முன்பைவிட நல்லதா என்று தெரிந்துகொள்ள, கிணற்றில் எச்சம் பூஜ்யம் என்பதைக் காட்டாதீர்கள். பூஜ்யமாக்கியதே நீங்கள்தான். ஒரு கிணற்றை எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைக் கொண்டு திருத்தி, எடுத்து வைத்த கிணற்றில் படியுங்கள். இப்படி ஒவ்வொரு கிணறாகச் செய்து வரும் பிழையை, திருத்தாத மூல மேப்பின் பிழையோடு ஒப்பிடுங்கள். திருத்திய பிறகு பிழை குறையவில்லை என்றால் எச்சங்களுக்குள் இடத்தொடர்பே இல்லை, நீங்கள் இரைச்சலை வயல் முழுக்கப் பரப்பியிருக்கிறீர்கள். அந்த நிலையில் மூல மேப்பை அப்படியே போக்காக விட்டுவிட்டு, எச்சங்களின் சிதறலை நிச்சயமின்மைக் கணக்கில் சேர்ப்பதே சரி.

உங்கள் 0.21, 0.178 விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது நெட்டா கிராஸா என்பதைத்தான், அடுத்தது அந்தக் கிணறு சாய்வானதா என்பதை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, எல்லாக் கிணறுகளின் எச்ச அட்டவணை, ஜோனின் தடிமன், கிணறுகளுக்கு நடுவே உள்ள சராசரி இடைவெளி, மேப் எந்தச் சமன்பாட்டில் வந்தது ஆகிய நான்கையும் சொல்லுங்கள். ஆரம் எவ்வளவு வைக்கலாம் என்று அப்போது குறிப்பாகச் சொல்ல முடியும்.